ஒண்ணொண்ணா பார்ப்போம்

முழுக்கச் செத்துப்போன இயந்திரத்தைப் பழுது பார்ப்பது சுலபம். மின்சாரம் வருகிறதா இல்லையா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பாதி உயிரோடு இருப்பதுதான் ஆளைப் படுத்தும். தொலைபேசித் துறையில் நான் சேர்ந்தபோது ஸ்ட்ரௌஜர் என்ற பழைய இயந்திர எக்ஸ்சேஞ்சுகள் டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்தன. ரிசீவரை எடுத்தால் சத்தமே இல்லை என்று புகார் வந்தால் நிம்மதியாக இருக்கும். டயல் டோன் வருகிறது, ஆனால் நம்பரைச் சுற்றினால் போகமாட்டேன் என்கிறது என்று யாராவது சொன்னால், அன்றைக்கு மதியச் சாப்பாடு நேரத்துக்கு இல்லை.

என் பேத்தி தானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இந்த இரண்டாவது ரகம். கல்லூரி விடுமுறைக்கு வந்தவள் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, மதர்போர்டு, பிராசஸர், ராம், எஸ்எம்பிஎஸ், கேபினெட் எல்லாம் வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள். ஒரு ஸ்க்ரூவைக்கூட என்னை முடுக்கவிடவில்லை. சாயங்காலம் பட்டனை அழுத்தினாள். ஃபேன்கள் சுற்றின. உள்ளே நீலமும் ஊதாவுமாக விளக்குகள் எரிந்தன. மானிட்டர் மட்டும் சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டு இருண்டுபோனது. அணைத்தாள், போட்டாள். மறுபடி அணைத்தாள், போட்டாள். அதே கதை.

அலுவலகத்திலிருந்து போனில் பேசிய என் மகன், "கெட்டுப்போன போர்டைத் தலையில கட்டிட்டான், நாளைக்கே திருப்பிக் குடுத்துடு" என்று தீர்ப்பே எழுதிவிட்டான். பேத்தி ஒரு பக்கம் ராமைப் பிடுங்கினாள், இன்னொரு பக்கம் கிராபிக்ஸ் கார்டில் கை வைத்தாள், அதற்குள் மானிட்டர் கேபிளை வேறு மாற்றினாள்.

"கண்ணு, கொஞ்சம் கையை எடு. ஒண்ணொண்ணா பார்ப்போம்" என்றேன்.

இந்த வார்த்தை எக்ஸ்சேஞ்சில் எனக்கு மேலே இருந்த ஒரு பெரியவருடையது. "ரெண்டை ஒரே நேரத்துல மாத்தினா, சரியானாலும் எது கெட்டிருந்துச்சுன்னு தெரியாமப் போயிடும் தம்பி" என்பார். அவருடைய நிதானத்தை நாங்கள் இளவட்டங்கள் கேலி பேசாத நாள் இல்லை. அப்போதிருந்த வேகத்தில் நான் ஒரே மூச்சில் நாலு ரிலேயைத் தொட்டுவிட்டு, டோன் வந்ததும் மீசையை முறுக்கிக்கொண்டு வந்துவிடுவேன். சில நாளில் அதே லைனில் அதே புகார் திரும்ப வரும். என் ஷிப்டில் வராமல் இருக்க வேண்டுமே என்று மட்டும் வேண்டிக்கொள்வேன்.

பேத்தியிடம் முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். 1995-ல் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பு வந்ததிலிருந்து, கம்ப்யூட்டரை நிறுத்திய பிறகும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை போர்டில் 5 வோல்ட் தயாராகக் காத்திருக்கும். அந்த நிலையில் எதையும் கழற்றவோ மாட்டவோ கூடாது. அடுத்து வயர்கள். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 24 பின் கொண்ட பெரிய கனெக்டர் போர்டுக்குப் போகிறது. 8 பின் கொண்ட சின்னது பிராசஸருக்கு. இந்தச் சின்னதை மாட்ட மறப்பவர்கள் ஏராளம். மறந்தாலும் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், படம் மட்டும் வராது. பேத்தி மறக்கவில்லை. எல்லாம் அழுத்தமாகவே உட்கார்ந்திருந்தன.

பிறகு குறைக்க ஆரம்பித்தோம். போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்தோம். கேபினெட் தகரத்தில் அடிப்பக்கம் எங்காவது பட்டு ஷார்ட் ஆகியிருந்தால் இதிலேயே தெரிந்துவிடும். பிராசஸர், அதன்மேல் கூலர், ஒரே ஒரு ராம், இவ்வளவுதான். டிஸ்க் வேண்டாம். கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம், அவள் வாங்கிய பிராசஸருக்குள்ளேயே படம் காட்டும் வசதி இருந்தது. பவர் பட்டன் கேபினெட்டோடு போய்விட்டதால், ஸ்க்ரூடிரைவர் நுனியால் அதற்கான இரண்டு பின்களைத் தொட்டு ஸ்டார்ட் செய்தாள். உயிரோடு இருக்க எவ்வளவு கொஞ்சம் போதும் என்பது இந்த மாதிரி நேரத்தில்தான் புரிகிறது.

இந்தப் பெட்டிகள் தங்கள் நோவைத் தாங்களே சொல்லும். 1981-ல் வந்த ஐபிஎம் பிசி, ஸ்டார்ட் ஆகும்போது தன்னையே சோதித்துக்கொண்டு, எல்லாம் நலம் என்றால் சின்னதாக ஒரு பீப் கொடுக்கும். கோளாறு இருந்தால் பீப் வேறு மாதிரி வரும். இப்போது பல போர்டுகளில் பிராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட் என்று நாலு குட்டி விளக்குகள் வைத்திருக்கிறார்கள். எது எரிந்தபடியே நிற்கிறதோ அந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். எங்களுக்கு ராம் விளக்கு எரிந்தபடியே நின்றது.

"பார்த்தியா தாத்தா, ராம் போச்சு" என்று அணைக்கக் கை நீட்டினாள்.

"இரு, போர்டோட வந்த புத்தகத்துல என்ன போட்டிருக்கான்னு படி."

ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. டிடிஆர்5 ராமை மாட்டி முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது, அது எந்தக் கணக்கில் சரியாகப் பேசுகிறது என்று போர்டு பழகிப் பார்க்குமாம். அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம், அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். பாவம், அது ஒவ்வொரு தடவையும் பாடம் படிக்க உட்கார்ந்திருக்கிறது, இவள் ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைப் பிடுங்கியிருக்கிறாள்.

காப்பி போட்டுக் குடித்தோம். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் திரையில் எழுத்து வந்துவிட்டது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். அப்புறம் இரண்டாவது ராம், மறுபடி காத்திருப்பு. பிறகு கேபினெட், டிஸ்க், கார்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் போட்டுப் பார்த்தோம். கடைக்காரரிடம் சண்டை போட அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனமெல்லாம் வீணாய்ப் போயிற்று.

மகன் திரும்பவும் கூப்பிட்டான். "என்னதான்ப்பா கோளாறு?" பேத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லடா, புது மெஷின், கிளம்பக் கொஞ்ச நேரம் எடுத்துக்கிச்சு" என்றேன்.

இதுவும் அந்தப் பெரியவர் சொத்துதான். புதிதாக வந்த பையன் ஒரு வயரைச் சரியாகச் சொருகாமல் விட்டிருந்தால், அவர் போய் அழுத்திவிட்டு, ரிஜிஸ்டரில் 'சோதித்தபோது சரியாக இருந்தது' என்று எழுதுவார். அந்தப் பையனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுவார். அதற்குப் பிறகு அந்த வயரை அவன் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டான்.

பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தால் அது சோம்பல்தான். அன்றைக்கு எங்களால் நிம்மதியாகக் காப்பி குடிக்க முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன்னால் ஒவ்வொரு வயரையும் தொட்டுப் பார்த்திருந்ததுதான். மனிதர்களிடம் நாம் இப்படிப் பொறுப்பதில்லை. வீட்டில் ஒருவர் முகம்கொடுத்துப் பேசவில்லை என்றால், அன்றைக்கே பழைய கதை, புதுக் கதை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கிளறுகிறோம். ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு அவகாசம் கொடுத்தால் பல விஷயங்கள் தானாகவே கிளம்பிவிடும். கிளம்பாவிட்டாலும் மோசமில்லை, அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.