உரசல்

டிரயல்ஸ் சைக்கிளில் சீட் கிடையாது. பின்சக்கரத்தில் மட்டும் நின்று, பிரேக்கைப் பிடித்தபடி, கல்லுக்குக் கல் தாவணும். லீவரில் விரல் ஒரு நொடி தளர்ந்தா கீழேதான். அப்படித்தான் என் மணிக்கட்டு முறிஞ்சது.

கட்டுப் பிரித்த பிறகும் நான் ஏறவில்லை. சக்கரத்தைச் சுற்றினால் ஒரு உரசல். "டிஸ்க் சரியில்லடா, எப்படி ஓட்ட?" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

போன ஞாயிறு உட்கார்ந்தேன். காலிப்பர் போல்ட் இரண்டையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்து, மாற்றி மாற்றி முறுக்கினேன். உரசல் போகலை. விடாமல் உரசினால் காலிப்பர் கோணல். சுற்றுக்கு ஒருமுறை உரசினால் ரோட்டர் வளைஞ்சிருக்கு. எனக்குச் சுற்றுக்கு ஒருமுறை.

பின்னால் வெள்ளைத்தாள் வைத்து, பேடுக்கும் ரோட்டருக்கும் நடுவில் தெரியும் வெளிச்சக் கீற்றைப் பார்த்தேன். கீற்று மறைந்த இடத்துக்கு நேராக டயரில் சாக்பீஸ் கோடு. அந்த இடத்தைக் காலிப்பருக்கு வெளியே கொண்டுவந்து, துடைத்த ஸ்பேனரால் கவ்வி, எதிர்ப்பக்கமாக மயிரிழை அழுத்தம். சுற்றிப் பார். மறுபடி. கை படக்கூடாது, எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது.

அப்போதுதான் உறைத்தது: டிஸ்க் வளைந்ததால் நான் விழவில்லை, நான் விழுந்ததால்தான் டிஸ்க் வளைந்தது.

ஒரு மணிநேரத்தில் சத்தம் நின்றது. கூடவே என் சாக்கும். பயம் மட்டும் மிச்சமிருந்தது. அதோடயே ஹெல்மெட்டை எடுத்தேன்.