மேஸ்திரியின் வீதி

மதுரையில் வழி கேட்பவனுக்குத் தமிழ் மாதங்களின் பெயர் தெரிந்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கோயிலுக்குள்ளே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அப்பால் ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி. ஆனால் சித்திரைத் தேர் ஓடுவது என்னவோ மாசி வீதியில்தான்! மாசியில் நடந்துவந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். விழா மாறியது, வீதி தன் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை.

மாசி வீதியைத் தாண்டினால் மாதங்கள் நின்றுவிடுகின்றன, மனிதர்கள் வருகிறார்கள். மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. அவற்றையும் கடந்தால் வெளி வீதி.

ஒரு காலத்தில் இங்கே வீதியே கிடையாது. விசுவநாத நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரும், அதைச் சுற்றி அகழியும் இருந்தன. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், ஊருக்கு மூச்சு விட இடம் வேண்டுமென்று கோட்டையை இடிக்கத் துணிந்தார். இடிக்கக் கூலி கொடுக்கச் சர்க்காரிடம் பணம் ஏது? ஆகவே, சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலத்திலேயே இடம் என்று ஏற்பாடு செய்தார். அளந்து கொடுத்தவர் மாரட் என்ற வெள்ளைக்காரர். ஆட்களை வைத்து வேலை வாங்கியவர் பெருமாள் மேஸ்திரி. பிளாக்பர்னுக்கு ஊரார் விளக்குத்தூண் நட்டார்கள். மற்ற இருவருக்கும் வீதிகள் கிடைத்தன.

இங்கிலாந்தில் யார்க் என்ற பழைய நகரத்திலும் அதே நூற்றாண்டில் மதிலை இடிக்கப் புறப்பட்டார்கள். அங்கே ஊரார் எதிர்த்து நின்றார்கள். மதிலின் பெரும்பகுதி தப்பியது. இன்று அதன்மேல் ஜனங்கள் உலாவுகிறார்கள். நம் மதிலில் பெரியார் பஸ் நிலையத்தருகே ஒரு துண்டுதான் மிஞ்சியிருக்கிறது. எது நல்லது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? மதில் போன இடத்தில்தான் நான் குடியிருந்தேன்.

கல்லூரி நாட்களில் பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு மாடி அறையில் இருந்தேன். ஒரு முறை அப்பா அரிசி மூட்டையோடு வந்தார். அவர் கொத்தனார். தெருப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "மேஸ்திரி பேரையா வச்சிருக்காங்க?" என்றார்.

"ஆமாப்பா. கோட்டையை இடிச்ச மேஸ்திரி."

"இடிச்சதுக்கா?" என்று சிரித்தார். சற்றுப் பொறுத்து, "நம்ம கட்டுறோம்டா" என்றார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

மேலூர்ப் பக்கத்து ஊர்களில் அவர் கட்டிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. முகப்பில் சிமெண்டில் வீட்டுக்காரரின் பெயரும் வருஷமும் புடைப்பாக இருக்கும். கரணையின் நுனியால் அந்த எழுத்துகளை அமைத்தவர் அப்பாதான். 'ழ'வின் கீழ்ச் சுழியை அவர் கொஞ்சம் நீளமாக இழுப்பார். பஸ்ஸில் போகும்போது அந்தச் சுழியைக் கொண்டுதான் அவர் வீடுகளை அடையாளம் காண்கிறேன். பெயர் யாருடையதோ, எழுத்து அவருடையது.