சூரியன் இல்லாத ஊரில் பொங்கல்

"குளிராதா பிள்ளை?" ஊரிலிருந்து யார் கதைத்தாலும் முதல் கேள்வி இதுதான். குளிரும்தான். ஆனால் இந்த ஊரில் ஆளை வருத்துகிற சாமான்களில் குளிருக்கு மூன்றாம் இடம். முதலாவது இருட்டு. இரண்டாவது காற்று.

நான் பருத்தித்துறைக்காரி. இலங்கையின் வடக்கு முனையில் பிறந்து, கலியாணம் முடித்து நோர்வேயின் வடகிழக்கு மூலைக்கு வந்தேன். ஊரின் பெயர் போட்ஸ்ஃபியூர். ஃபின்மார்க் மாகாணத்தில், பேரன்ட்ஸ் கடலோரம், ஏறக்குறைய இரண்டாயிரம் சனம். "நான் வடக்கிலிருந்து வந்தனான்" என்று இங்கே சொன்னால் சிரிப்பார்கள். இதைவிட வடக்கு எங்கே இருக்கு?

உள்நாட்டுப் பக்கம் கரஸ்யோக் என்றொரு இடம். 1886 ஜனவரியில் அங்கே -51.4 பாகை பதிவானது. நோர்வேயில் அதை இன்னும் எந்த இடமும் முறியடிக்கவில்லை. எங்கள் கரையோரம் அவ்வளவு மோசமில்லை. அத்திலாந்திக்கிலிருந்து வருகிற சூடான நீரோட்டத்தால் கடல் உறைவதில்லை, நடு மாரியிலும் துறைமுகத்துக்குள் வள்ளங்கள் வந்துபோகும். ஆனால் காற்று! பனி மேலிருந்து பூப்போல விழும் என்றுதான் படங்களில் பார்த்திருந்தேன். இங்கே அது பக்கவாட்டில் வரும், முகத்தில் மண் எறிகிற மாதிரி. மாமா சவளை எப்போதும் வீட்டுக்குள்தான் வைப்பார். வெளியில் வைத்தால் விடிய அந்தச் சவளைத் தோண்டி எடுக்க இன்னொரு சவள் வேண்டும்.

இருட்டுக்கு வருகிறேன். நவம்பர் நாலாம் கிழமையில் சூரியன் கீழே இறங்கினால் ஜனவரி 20 அளவில்தான் திரும்ப எட்டிப் பார்க்கும். கும்மிருட்டு என்று நினைக்கவேண்டாம். மத்தியானத்தை ஒட்டி இரண்டு மூன்று மணித்தியாலம் வானம் நீலமாக வெளிக்கும், பனியும் நீலமாகும். உண்மையில் வடிவுதான். பிறகு போய்விடும். முழுநிலா நாட்களில் இன்னொரு அதிசயம்: நிலா மறைவதே இல்லை, நாள் முழுக்க வானத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். போயா லீவுக்கு ஊரில் நிலா பார்த்தவளுக்கு, பகல் பன்னிரண்டு மணிக்கும் அது வானத்தில் நின்றால் எப்படி இருக்கும்?

வடிவு வேறு, உடம்பு வேறு. முதல் மாரியில் இரவு பதினொரு மணிக்கு நித்திரை வராது, பகல் இரண்டு மணிக்குக் கண் சொருகும். ஒன்றுமில்லாததுக்கு அழுகை வரும். மாமி ஒன்றும் கேட்கமாட்டா. காலமை ஒரு கரண்டி மீனெண்ணெயைக் கொண்டுவந்து நீட்டுவா, விற்றமின் டி. "இதக் குடிச்சிட்டு வெளியில அரை மணித்தியாலம் நட. விருப்பம் இல்லாட்டியும் நட." வைத்தியம் அவ்வளவுதான். மாமி இதை முப்பது மாரியாகச் செய்கிறா.

தமிழர் இந்த ஊருக்கு எப்படி வந்தார்கள் என்று நீங்கள் யோசிக்கலாம். காரணம் மீன். 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்கு வந்த அந்தோனி இராஜேந்திரம்தான் இங்கே முதல் தமிழர் என்பார்கள். பிறகு அவர் ஊர் திரும்பி, படகும் வலையும் செய்த சீநோரைத் தொடங்கினார். அந்தத் தொடர்பில் பெடியள் இங்கே படிக்க வந்தார்கள், எண்பதுகளில் சண்டைக்குத் தப்பி இன்னும் கனபேர் வந்தார்கள். வடக்குக் கரையோர மீன் பக்ரறிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. மாமா 1987இல் வந்தார். ஒரு காலத்தில் இந்தச் சின்ன ஊரில் தமிழ்க் கடை, விளையாட்டுப் போட்டி, வாணி விழா எல்லாம் இருந்ததாம். பிறகு ஒவ்வொரு குடும்பமாக ஒஸ்லோவுக்குப் போய்விட்டது. இப்போது பக்ரறியில் எனக்குப் பக்கத்தில் நிற்பது லித்துவேனியாக்காரி. நாங்கள் இருவரும் அரைகுறை நோர்வேஜிய மொழியில் மாமிமாரைப் பற்றிக் கதைப்போம்.

வேலை மும்முரமாவதும் இருட்டுக்குள்தான். ஜனவரியிலிருந்து கொட் மீன் முட்டையிடப் பேரன்ட்ஸ் கடலிலிருந்து கரைப்பக்கம் வரும். நான் நிற்பது முள் எடுக்கிற வரிசையில். வெள்ளை லைற், ஈர நிலம், இரண்டு சோடி காலுறைக்குள்ளும் விறைக்கிற கால். மீன்காரர் ஊரில் பிறந்தும் அங்கே மீன் வெட்டாதவள் இங்கே வந்து வெட்டுகிறேன் என்று அம்மாவுக்குச் சிரிப்பு.

போன வருடத் தைப்பொங்கலுக்கு ஒரு பிரச்சினை வந்தது. ஜனவரி 14 அன்று இங்கே சூரியனே இல்லை. யாருக்குப் படைக்கிறது? மாமாவுக்கு இது பழைய பிரச்சினை. விடியப் பொங்குவதில்லை. மத்தியானம் தெற்குப் பக்க மலைக்குப் பின்னால் வானம் கொஞ்சம் செம்மஞ்சளாகும். அந்த நேரத்துக்குக் குசினியில் பால் பொங்கவேண்டும், தெற்குப் பக்க யன்னலில் படையல். "அவர் அங்கதான் நிக்கிறார், மேல வரேல்ல அவ்வளவுதான்" என்றார். நான் நன்றாகச் சிரித்தேன். அன்றுதான் இந்த ஊரில் முதல்முறை வயிறு நிறையச் சாப்பிட்ட ஞாபகம்.

இந்த வருடம் ஜனவரி 8 இரவு அம்மம்மா மோசம் போனா.

செய்தி வந்தபோது வெளியில் புயல். ஊரை விட்டு வெளியேற ஒரேயொரு மலைப்பாதை, அதில் இரண்டு பக்கமும் தடைக்கம்பு. காற்றுக் கொஞ்சம் குறைவாக இருந்தால் வாகனங்களை வரிசையில் விட்டு, முன்னால் பனி அள்ளுகிற வாகனம் போக, ஒட்டிக்கொண்டு பின்னால் போகலாம். கூடினால் கம்பை இறக்கிப் பூட்டிவிடுவார்கள். அன்று பூட்டு. சின்னப் பிளேனும் இல்லை, கரையோரக் கப்பலும் எங்கள் துறைமுகத்துக்கு வராமலே தாண்டிப் போய்விட்டது. பாதை திறந்திருந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கமாட்டேன், அது எனக்குத் தெரியும். கொழும்பு போய்ச் சேரவே இரண்டு நாள் ஆகும். ஆனால் போக வெளிக்கிட்டு நேரம் காணாமல் போவதும், வெளிக்கிடவே முடியாமல் ஒரு கம்புக்குப் பின்னால் இருப்பதும் ஒன்றில்லை.

செத்தவீட்டை நேரலையில் போட்டார்கள். அங்கே காலை பத்து மணி, இங்கே ஐந்தரை. பறை அடிக்கிற சத்தத்தை யன்னலில் காற்று அடிக்கிற சத்தம் மூடியது. படம் நின்று நின்று வந்தது. அம்மம்மாவின் முகத்தில் ஒருதரம் நின்று, அப்படியே கனநேரம் இருந்தது. நான் அதைக் குறை சொல்லமாட்டேன்.

ஏழு மணி போலக் கதவில் தட்டல். நாலாம் வீட்டு அன்ரி, இரண்டு ஜக்கெற்றுக்குள் ஒரு சட்டியை அணைத்துக்கொண்டு நிற்கிறா. சோறும் பருப்பும். "செத்தவீட்டில அடுப்பு மூட்டக்கூடாது பிள்ளை." செத்தவீடு எத்தனையோ ஆயிரம் கிலோமீற்றருக்கு அங்கால் என்று அவவுக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு முன்வீட்டு நோர்வேஜியக் கிழவி. ஒன்றும் கதைக்கவில்லை, எங்கள் படியில் கிடந்த பனியை அள்ளிவிட்டு வாஃபிள் தட்டைத் தந்துவிட்டுப் போனா.

ஆறு நாளில் பொங்கல். கலியாணம் முடித்துப் போனவளுக்குத் துடக்கில்லை, பொங்கலாம் என்றா மாமி. அம்மா ரெலிபோனில் வேறு மாதிரிச் சொன்னா. இரண்டு பேரும் என்னை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் சாத்திரம் கதைத்தார்கள். எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். மாமாதான் முடித்துவைத்தார். "முப்பத்தொண்டு முடியட்டும். அதுக்குள்ள சூரியனும் வந்திடும். தை முடியேல்லத்தானே, அப்ப பொங்குவம்."

சூரியன் கணக்குப்படி வந்தது. மலை மறைப்பதால் எங்கள் வீட்டுக்கு இன்னும் சில நாள் பிந்தித்தான். முதல் நாள் ஒரு பத்து நிமிடம், குசினிச் சுவரில் ஒரு கோடு. மாமி சுவரில் கையை வைத்துப் பார்த்தா.

ஒஸ்லோவுக்குப் போவோமா என்று இவரைக் கேட்டிருக்கிறேன். அங்கே விமான நிலையத்துக்குப் போக எந்த மலையையும் தாண்டத் தேவையில்லை. அப்பாவும் அம்மாவும் வரமாட்டினமே என்பது இவரின் கவலை. "மார்ச்சுக்குப் பிறகு கதைப்பம்" என்கிறார். எனக்கு அந்தக் கதை தெரியும். மார்ச்சில் இங்கே வெயில் எறிக்கும், பனியும் கிடக்கும், பிள்ளைகள் சறுக்கி விளையாடுவார்கள். அந்த நேரம் கேட்டால் ஒருத்தரும் இந்த ஊரை விட்டுப் போகமாட்டார்கள், நான் உட்பட. அதனால்தான் ஜனவரியிலேயே கேட்டு வைத்தேன்.