தனியாவா வந்தே?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் படித்த ஒரு பிள்ளை போன வாரம் மெசேஜ் போட்டிருந்தாள். இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். "டீச்சர், டிசம்பரில் ஊருக்கு வரணும். அவருக்கு லீவு இல்லை. மூணு வயசும் ஏழு மாசமும். தனியா ரெண்டையும் தூக்கிட்டு வர முடியுமா? உங்க மக அப்படி வந்தாள்னு அம்மா சொன்னாங்க. என்ன பண்ணினாள்னு கேட்டுச் சொல்லுங்க" என்று. பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரியில் முடியவில்லை. அவளுக்கு எழுதினதையே இங்கேயும் போடுகிறேன், இன்னும் நாலு பேருக்கு உதவட்டும். நான் ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயமும் ஒன்று இதில் இருக்கிறது.

2023 ஜூனில் சாருக்கு (என் வீட்டுக்காரரை ஊரில் எல்லாரும் சார் என்றுதான் சொல்வார்கள், அவர் வாத்தியார் இல்லை, கூட்டுறவு சங்கத்தில் இருந்தவர்) நெஞ்சுவலி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். மூன்று குழாயில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்று சொல்லி, மூன்று வாரம் கழித்து நாள் குறித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "கத்தி வைக்கிறதுக்கு முந்தி பேரன் பேத்திய ஒரு தடவை பாத்துட்டாப் போதும்."

மகள் இருப்பது அமெரிக்காவில், டல்லாஸில். பெரியவனுக்கு நாலு வயது, சின்னவளுக்கு ஒன்பது மாதம். மாப்பிள்ளைக்கு விசா காகிதங்கள் பாதியில் நின்றன. வெளியே வந்தால் எப்போது திரும்பப் போக முடியும் என்று சொல்ல முடியாத நிலை. "நான் மட்டும் பிள்ளைகளைத் தூக்கிட்டு வாறேன்ம்மா" என்றாள். "கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு தனியா எப்படி வருவே?" என்று நான்தான் முதலில் கத்தினேன். அவள் ஒன்றும் பதில் பேசவில்லை. மறுநாள் டிக்கெட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

மதுரைக்குத்தானே போட்டிருப்பாள் என்று பார்த்தால் திருவனந்தபுரம். சிவகிரிக்கு மதுரைதான் கிட்ட. ஆனால் மதுரைக்கு என்றால் இன்னும் ஒரு இடத்தில் மாற வேண்டும். சென்னையில் இறங்கி, குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டிகளை எடுத்து, மறுபடியும் போட்டு, மறுபடியும் சோதனை. தோஹா வழியாகத் திருவனந்தபுரம் என்றால் ஒரே ஒரு மாற்றம். "கார்ல நாலு மணி நேரம் கூட உட்கார்ந்துக்கலாம்ம்மா, இன்னொரு ஏர்போர்ட் என்னால ஆகாது" என்றாள். பிள்ளைகளோடு வருகிறவர்கள் டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் எத்தனை தடவை மாற வேண்டும் என்று பாருங்கள்.

ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தனி இருக்கை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. மடியில் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பயணத்தில் அதற்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கட்டணம். இரண்டு வயது முடிந்தால் இருக்கை கட்டாயம். கைப்பிள்ளை படுக்க முன் வரிசைச் சுவரில் மாட்டுகிற தொட்டில் உண்டு. அது விமானத்துக்கு இத்தனைதான் என்று கணக்கு. டிக்கெட் எடுத்த கையோடு போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும். எத்தனை கிலோ வரை தாங்கும் என்பதும் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு வேறு. சின்னவள் அங்கே பிறந்தவள், அமெரிக்க பாஸ்போர்ட். பிறந்த சில மாதத்திலேயே ஓசிஐ அட்டை எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தார்கள். இல்லையென்றால் அவசரத்துக்கு விசாவுக்கு ஓட வேண்டியிருந்திருக்கும். பிள்ளைகளை அம்மா தனியாகக் கூட்டிப்போக எனக்குச் சம்மதம் என்று மாப்பிள்ளை நோட்டரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதமும் பையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் கொண்டுபோவது நல்லது.

தண்ணீர் போன்றவை 100 மில்லிக்கு மேல் கையில் கொண்டுபோகக் கூடாது என்பது குழந்தையின் பாலுக்கும் கூழுக்கும் கிடையாது. எடுத்துக் காட்டினால் போதும். தள்ளுவண்டியை விமானத்தின் வாசல் வரை உருட்டலாம், அங்கே வாங்கிக்கொள்வார்கள். நடுவில் இறங்கும் இடத்தில் திரும்பத் தருவார்களா, கடைசியில்தான் கிடைக்குமா என்று கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இவளிடம் கடைசியில்தான் என்றார்கள். அதனால் நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பையில் சின்னவள். முதுகில் ஒரு பை. ஒரு கையில் பெரியவன். பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி எல்லாரும் எடுத்துப் போவார்கள். அம்மாவுக்கும் ஒரு மாற்றுச் சட்டை வேண்டும் என்பது அவளுக்கு மூன்றாவது மணி நேரத்திலேயே தெரிந்துபோனது.

தூங்க வைக்கச் சளி மருந்து கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தர் என் அக்கா. குழந்தை மருத்துவர் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சில பிள்ளைகளுக்கு அந்த மருந்து தூக்கத்துக்குப் பதில் ஆட்டத்தைக் கொடுக்குமாம். கைப்பிள்ளைக்கு ஆபத்தும்கூட.

காது வலியைப் பற்றி மட்டும் பழைய டீச்சராகக் கொஞ்சம் விளக்குகிறேன். விமானம் பறப்பது 35,000 அடி உயரத்தில். உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். அதாவது பயணம் முழுக்க நாம் கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அரை மணி நேரத்தில் கொடைக்கானலிலிருந்து கீழே தரைக்கு வந்துவிடுகிறோம். வெளிக்காற்றின் அழுத்தம் கூடுகிறது, செவிப்பறை உள்ளே அமுங்குகிறது. நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் இரண்டு பக்கமும் சமமாகும். நாம் எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் திறந்துவிடும். பிள்ளைகளுக்கு அந்தக் குழாய் குறுகலாக, படுக்கை வாட்டில் இருக்கும். லேசில் திறக்காது. அதனால் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி. அந்த நேரத்தில் பால் குடிக்க வைத்தால் விழுங்கிக்கொண்டே இருக்கும், குழாய் திறக்கும். மகள் தோஹாவில் இறங்குவதற்கு முன் பாலை நிறுத்தி வைத்து, விமானம் தாழத் தொடங்கியதும் கொடுத்தாள். பெரியவனுக்கு லாலிபாப். வழியெல்லாம் அழுத பிள்ளை இறங்கும்போது அழவே இல்லையாம்.

ஆனால் அதற்கு முன்னால் டல்லாஸிலிருந்து தோஹா வரை சுமார் 14 மணி நேரம் இருக்கிறதே.

ஊருக்கு வந்து மூன்றாம் நாள் ராத்திரி அதைச் சொன்னாள். நேர வித்தியாசம் பத்தரை மணி நேரம், பிள்ளைகள் இரண்டு மணிக்கு முழித்துக்கொண்டு முற்றத்தில் விளையாடும். சாரும் தூக்கம் வராமல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் இரண்டு பேரும் திண்ணையில்.

சின்னவள் முதல் மூன்று மணி நேரம் ஓயாமல் அழுதிருக்கிறாள். எடுத்தால் நிறுத்துவாள், உட்கார்ந்தால் அழுவாள். ஒருவழியாகத் தூங்கித் தொட்டிலில் போட்டால் பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிந்திருக்கிறது. விளக்கு எரிந்தால் தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் கட்டிக்கொள்ள வேண்டும், அது விதி. எடுத்தாள். முழித்துக்கொண்டது. இப்படி மூன்று தடவை.

"அழுகையெல்லாம் சமாளிச்சுடலாம்ம்மா" என்றாள். "பாத்ரூம்தான். பாப்பாவ நெஞ்சில கட்டிக்கிட்டுப் போயிருவேன். ஆனா இவன் தூங்கிட்டான். தூங்குற பிள்ளைய விட்டுட்டுப் போக மனசு வரல. எழுப்பினா ஊரக் கூட்டுவான். நாலு மணி நேரம் அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணி குடிக்கவே பயமா இருந்துச்சு. பால் கொடுக்கிறவ தண்ணி குடிக்காம இருக்கலாமா? யார்கிட்டயாவது கேக்கலாம்னா ஒவ்வொருத்தரும் திரும்பிப் பாக்கிற பார்வையைப் பாத்தா வாய் வரல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீயும் அப்படித்தானம்மா பாத்தேன்னு சொன்னே."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. 2019இல் பெரியவன் பிரசவத்துக்கு நான் முதல்முதலாக டல்லாஸ் போனேன். எனக்கு இரண்டு வரிசை பின்னால் ஒரு சின்னப் பெண், கையில் குழந்தை. அழுகை நிற்கவே இல்லை. நான் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்க்கிற அதே பார்வை. 35 வருஷப் பழக்கம். போய் இறங்கினதும் மகளிடம் சொன்னது: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிள்ளை வளக்கத் தெரியல. நான் உங்க ரெண்டு பேரையும் தனியா மெட்ராஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போகலையா?"

கூட்டிப்போனது உண்மைதான். 1988இல் என் தங்கை கல்யாணத்துக்கு. மூன்று வயது மகன், கைப்பிள்ளை இவள். சங்கரன்கோவிலில் கொல்லம் மெயில் ஏறினேன். அப்போது மீட்டர் கேஜ். அதைத்தான் முப்பது வருஷமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று திண்ணையில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், நான் எங்கே தனியாகப் போனேன்? ஏறினதும் எதிர் சீட்டுக்காரம்மா பிள்ளையை வாங்கிக்கொண்டார். இன்னொருவர் என் பழைய சேலையை வாங்கி மேல் பெர்த்தில் தூளி கட்டிக் கொடுத்தார். அந்தத் தூளியில் இவள் விழுப்புரம் வரை தூங்கினாள். மகனை யார் யாரோ ஜன்னலோரத்தில் உட்கார வைத்து முறுக்கு கொடுத்தார்கள். ஸ்டேஷனில் பால் கிடைத்தது. நான் பாத்ரூம் போனது எனக்கு ஞாபகமே இல்லை. ஞாபகத்தில் நிற்கிற அளவுக்கு அது ஒரு கஷ்டமாகவே இருந்திருக்காது. அதோடு போய் விமானத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணை ஒப்பிட்டிருக்கிறேன். அங்கே தூளி கட்ட முடியாது, நடுவில் இறங்க முடியாது, எதிர் சீட்டே கிடையாது. எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எழுந்துபோய்க் கையை நீட்டியிருக்கலாம். இரண்டு பிள்ளை வளர்த்தவள், மூட்டு வலிகூட அப்போது கிடையாது.

"அப்புறம் என்னளா பண்ணினே?" என்று கேட்டேன்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான தெலுங்கு அம்மா. மகள் பிரசவம் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர். இங்கிலீஷ் தெரியாது, தமிழும் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து வந்து தெலுங்கில் ஏதோ சொல்லி இரண்டு கையையும் நீட்டினாராம். "பாப்பா"ங்கிற ஒரு வார்த்தைதான் இவளுக்குப் புரிந்தது. கொடுத்துவிட்டாள். பெரியவன் பக்கத்தில் இவள் இருக்கையிலேயே உட்கார்ந்துகொண்டு, போ போ என்று கையைக் காட்டியிருக்கிறார். கதவைச் சாத்தினதும் உள்ளே நின்று அழுதேன் என்றாள். திரும்பி வந்தால் சின்னவள் அந்த அம்மா தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தோஹாவில் மூன்று மணி நேரம் காத்திருப்பு. அங்கே விமான நிலையத்தின் நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய கரடி பொம்மை இருக்கிறது, 23 அடி உயரம், தலையில் விளக்கு. ஒரு சுவிட்சர்லாந்துக் கலைஞர் செய்தது. மாப்பிள்ளை அதன் படத்தைக் காட்டி "கரடியைப் பார்க்கப் போறோம்" என்று பெரியவனுக்கு ஒரு வாரமாகவே ஆசை காட்டியிருந்தார். கரடி எப்போ வரும், கரடி எப்போ வரும் என்று கேட்டே பாதி வழி வந்திருக்கிறான். தாத்தாவிடம் முதலில் சொன்னதும் கரடியைப் பற்றித்தான்.

நானும் தம்பி மகனும் திருவனந்தபுரத்தில் காத்திருந்தோம். அதிகாலையில் வெளியே வந்தாள். காலில் ஒரு செருப்பு வார் அறுந்திருந்தது. அத்தனை மணி நேரம் வாந்தி எடுக்காத பெரியவன் தென்மலை வளைவில் என் சேலையில் எடுத்தான். செங்கோட்டை, தென்காசி, புளியங்குடி தாண்டி வீட்டு வாசலில் இறங்கினால் தெருவே நிற்கிறது. "ஏட்டி, தனியாவா வந்தே? மாப்பிள்ளை வரலையா?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். சார் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சின்னவளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை அன்று நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது காலையில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வருகிறார்.

இரண்டு மாதம் கழித்து அவள் திரும்பிப் போனாள், அதேபோல் தனியாக. டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விட மாட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். தள்ளுவண்டி, முதுகில் பை, கையில் பெரியவன். வரிசையில் அவள் பின்னால் நின்ற ஒரு பெண்ணிடம் அப்போதே ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தோஹாவிலிருந்து படம் வந்தது. கரடிக்குக் கீழே பெரியவன், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. கூடவே ஒரு வரி: "பாப்பாவ ஒரு அக்காகிட்ட குடுத்துட்டு பாத்ரூம் போயிட்டு வந்தேன்ம்மா. இந்தத் தடவை நானே கேட்டேன்."