நிலா இருந்ததா, இல்லையா?

சரித்திர நாவல் எழுதுகிறவனுக்கு ஆதாரம் ஒன்று கிடைத்தால் கொண்டாட்டம். இரண்டு கிடைத்தால் திண்டாட்டம். என் நாவலில் ஓர் ஏரி உடையும். நடுராத்திரியில் உடைந்ததாக ஒரு பழைய குறிப்பு. உச்சிவெயிலில் என்று ஊர்ப் பெரியவர்கள். ராத்திரிதான் எடுப்பாக இருக்கும் என்று பகலை அடித்துவிட்டேன். ஜார்ஜ் சாண்டர்ஸின் 'லிங்கன் இன் த பார்டோ' படித்த பிறகு அது உறுத்துகிறது.

2017இல் புக்கர் பரிசு பெற்றது. சிறுகதைக்காரரின் முதல் நாவல். 1862 பிப்ரவரி 20 அன்று லிங்கனின் மகன் வில்லி காய்ச்சலில் இறந்தான், வயது 11. ஜார்ஜ்டவுன் ஓக் ஹில் கல்லறைத் தோட்டத்தில், வேறொரு குடும்பத்தின் கல்லறை மாடத்தில் வைத்தார்கள். அப்பா மறுபடி அங்கே போனார் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. நாவலுக்கு விதை அதுதான்.

அங்கே பேசுகிறவர்கள் ஆவிகள். செத்ததை ஒப்புக்கொள்ளாதவர்கள், சவப்பெட்டியை நோய்ப்பெட்டி என்பார்கள். உத்திரம் விழுந்து செத்த வோல்மன்கூட, குணமானதும் வீட்டுக்குப் போகலாம் என்றே காத்திருக்கிறார். நம்மூர்ப் பேய்களுக்குச் செத்தது நன்றாகத் தெரியும்!

ஆனால் எனக்கு ஆவிகளைவிட நிலாதான் பெரிது. பிப்ரவரி 5 இரவு, மாடியில் பிள்ளை காய்ச்சலில் கிடக்க, கீழே வெள்ளை மாளிகையில் விருந்து. அந்த இரவைப் பற்றிய மேற்கோள்களை வரிசையாக அடுக்குகிறார் சாண்டர்ஸ். ஒருவர் முழுநிலா என்கிறார், ஒருவர் பிறை, இன்னொருவர் நிலாவே இல்லை என்கிறார். நாவலின் மேற்கோள்களில் நிஜமும் உண்டு, அவர் இட்டுக்கட்டியதும் உண்டு. எது எது என்று சொல்லவுமில்லை, பஞ்சாயத்து பண்ணவுமில்லை.

தொழில் புத்தி விடுமா? திதி கணக்குப் போட்டேன். 1861 டிசம்பர் 31 அன்று சூரிய கிரகணம், ஆகவே அமாவாசை. அடுத்த அமாவாசை ஜனவரி கடைசியில். அப்படியானால் பிப்ரவரி 5, வளர்பிறையில் ஏறக்குறைய அரைநிலா. முழுநிலா என்றவர் சொன்னது பிசகு. ஆனால் அரைநிலா நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும்; விருந்தோ அதையும் தாண்டி நடந்தது. வரும்போது பார்த்தவருக்கு நிலா இருந்தது. கடைசியில் கிளம்பியவருக்கு இல்லை.

அடுத்த பதிப்பில் ஏரி இரண்டு நேரத்திலும் உடையும்.