பக்கத்திரையின் மறைவில்

நாடகத்தில் நான் ஒருபோதும் கதாநாயகனாக நின்றவனல்லன். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் திரை இழுத்தேன். வசனம் மறந்தவனுக்குப் பக்கத்திரையின் மறைவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விடுமுறை கிடைத்தால் கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் தங்கி, வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்துக்கு பஸ் ஏறுவேன். நாடகம் பார்க்கத்தான் போவது. ஆனால் ஆள் எந்தப் பக்கத்தால் வருகிறான், விளக்கு எப்போது மங்குகிறது என்பதிலேயே கண் நிற்கும்.

மாமாவுக்கு இது பிடிக்காது. "நமக்கெதுக்கு மகன் இந்தக் கூத்து?" என்பார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்புக்கு வந்த பார்சிக் குழுக்கள் உருதுவில் ஆடியதையும், அவர்களிடம் புகழ்பெற்றிருந்த இந்திரசபாவை எழுதியவர் லக்னோவின் அமானத் என்ற முஸ்லிம் கவிஞர் என்பதையும், அந்த வழியில் பிறந்த சிங்கள நூர்த்திக்கு 1911இல் மருதானையில் டவர் மண்டபமே எழுந்ததையும் சொல்லிப் பார்த்தேன். "அது அவங்கட காலம்" என்று வெற்றிலையை மடித்தார்.

அதே மாமா, மரிக்கார் என்றால் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். 1970களில் இலங்கை வானொலியில் 'கோமாளிகள் கும்மாளம்' ஒலிபரப்பானபோது கடை வேலையைப் போட்டுவிட்டுக் கேட்டாராம். மரிக்காராகப் பேசிய எஸ். ராமதாஸ் முஸ்லிம் அல்லர். ஆயினும் நம் பேச்சு அவர் நாவில் அப்படி ஒட்டிக்கொண்டது. 1976இல் அது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. 2016இல் காலமாகும்வரை அவர் மரிக்கார் ராமதாஸ்தான். பக்கத்தில் யாழ்ப்பாணத் தமிழோடு அப்புக்குட்டி, சிங்களம் கலந்த தமிழோடு உபாலி. எல்லார் பேச்சும் சிரிப்புக்கு வந்ததால் யாருக்கும் நோகவில்லை. மாமா சிரித்ததில் பிழை காண மாட்டேன். ஆனால் யாழ்ப்பாணத்துப் பேச்சுக்கு மகாகவியின் 'கோடை' போன்ற நாடகங்களில் துயரத்தைச் சுமக்கவும் இடம் கிடைத்தது. நம் பேச்சோ பெரும்பாலும் கடை முதலாளி மரிக்காரோடு நின்றுவிட்டது. இது என் நெடுநாள் மனக்குறை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கிராமத்துப் பிள்ளைகளின் நாடகமொன்றைக் கொழும்புக்குக் கொண்டுவந்தேன். கடலுக்குப் போன தகப்பன் திரும்பவில்லை. பத்து வயதுப் பிள்ளை வாசலைப் பார்த்து, "உம்மா, வாப்பா இன்னம் வரல்லியே" என்கிறாள். மண்டபம் சிரித்தது. கேலியல்ல, அந்தத் தமிழைக் கேட்டால் சிரிக்க வேண்டும் என்று காது பழகியிருந்தது, அவ்வளவுதான். நான் மறைவிலிருந்து அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. சிரிப்பு ஓயும்வரை நின்றாள். பிறகு அதே வசனத்தை, குரலை உயர்த்தாமல் இன்னொரு முறை சொன்னாள். இந்தத் தடவை ஒரு கதிரைகூட அசையவில்லை.

நாடகம் முடிந்ததும் ஒரு நடுவர் அருகில் வந்து, செந்தமிழில் எழுதியிருந்தால் புள்ளி கூடியிருக்குமே என்றார். அன்போடுதான் சொன்னார். நான் பிரதியில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

அந்தப் பிள்ளை இப்போது உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கிறாள். இருவருமாகப் புதிய பிரதியொன்று எழுதுகிறோம். அஸர் தொழுகைக்குப் பின் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வாசிப்போம். அவளுடைய உம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்பார். போன கிழமை இடையில் குறுக்கிட்டார்.

"சேர், மையத்து வீட்டுல நாங்க அப்பிடிப் பேச மாட்டமே."

"எப்பிடிச் சொல்லுவீங்க?"

அவர் சொன்னார். நான் பழைய வரியை வெட்டிவிட்டு எழுதிக்கொண்டேன்.