போடாத கையெழுத்து

போன வாரம் தங்கை மகன் ராஜபாளையம் வந்திருந்தான். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலை. சாப்பிட்டு முடித்ததும் மெதுவாகக் கேட்டான்: "மாமா, எங்க ஆபீஸ்ல வராத சாமானுக்கு பில் போட்டுப் பணம் எடுக்குறாங்க. மேல எழுதிப் போடலாமா?"

உடனே பதில் சொல்ல வரவில்லை. 1991 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். வேலைக்கே வராத ஆட்கள் பெயரில் அங்கே கூலி பட்டுவாடா நடந்துகொண்டிருந்தது. பக்கத்து மேஜை நண்பர் அதைக் கண்டுபிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு மனு எழுதினார். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம் சார்" என்றார். வீட்டில் தங்கை கல்யாணக் கடன் பாக்கி. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவர் தனியாகவே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

மூன்றாவது வாரம் அந்த மனு, 'விளக்கம் தேவை' என்ற குறிப்போடு, யார் மேல் புகாரோ அந்த அதிகாரிக்கே வந்து சேர்ந்தது. தபாலைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றியவன் நான். ஒரே மாதத்தில் நண்பருக்குத் தூரத்து ஊருக்கு மாறுதல். பஸ் ஏற்றிவிடப் போனபோது பால்கோவா பொட்டலம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002 நவம்பரில் பிரதமருக்கு எழுதினார். பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறி என்றுதான் சிபிஐ முடித்தது. ஆனால் பெயர் கசிந்தது கசிந்ததுதான்.

அதன் பிறகே, 2004-ல், மத்திய அரசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. மத்திய அரசு, அதன் நிறுவனங்கள் பற்றிய இத்தகைய புகார்களை டெல்லியிலுள்ள மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வாங்கும். எழுதியவர் பெயரை வெளியே விடாது. 2014-ல் தனிச் சட்டமே நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. இன்றும் கைகொடுப்பது அந்தப் பழைய தீர்மானம்தான். நம்மூர் மில் தொழிலாளிக்கு அதுவும் கிடையாது.

மருமகனிடம் விவரமாகச் சொன்னேன். "மொட்டைக் கடிதாசி போடாதே, எடுத்துக்க மாட்டாங்க. பேரும் விலாசமும் உள்ளே இருக்கணும். உறை மேல உன் பேர் கூடாது. பொதுநல வெளிப்படுத்தல் தீர்மானத்தின் கீழ் புகார்னு எழுதி, நல்லா ஒட்டித் தபால்ல அனுப்பு. நீதான் எழுதினேன்னு தெரியற மாதிரி விஷயத்துக்குள்ள ஒரு வரியும் வரக்கூடாது."

தலையாட்டிக்கொண்டான். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னேன்: "எழுதினியா இல்லையான்னு என்கிட்டகூடச் சொல்லாதே."

யாருடைய கல்யாணக் கடனுக்காக அன்று பின்வாங்கினேனோ, அந்தத் தங்கையின் மகன்தான் இவன். அதை அவனிடம் சொல்லவில்லை.